பெருவிரலுக்கு இரண்டு பின்னவர்கள்

என் வலது கால் பெருவிரல் நகத்துக்கு அடியில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தபோது ஊரெல்லாம் நான் சொன்ன காரணம், இரண்டு டன் எல்லைக்கல் ஒன்று காலில் விழுந்துவிட்டது என்பது. இரண்டு டன் விழுந்தால் கால் தட்டையாகியிருக்குமே என்று கேட்டவர்களிடம், தட்டையாகத்தான் இருந்தது, இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக உப்பி வருகிறது என்றேன். நான்கு பேர் நம்பினார்கள். நம்பாதவள் என் மனைவி ஆவுடை.

"கல்லு விழுந்த கறுப்பு, நகம் வளர வளர முன்னால நகரும். இது எட்டு மாசமா நின்ன எடத்துலயே நின்னு அகலமாவுது" என்றாள்.

நாற்பத்தொரு வருஷம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு, ஒரு கோடு நகர்கிறதா அகலமாகிறதா என்று வீட்டில் இருப்பவள் சொல்லவேண்டியிருந்தது. அந்த எரிச்சலில் மேலும் இரண்டு மாதம் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தேன். கறுப்பு நகத்தைத் தாண்டித் தோலுக்கு வந்த பிறகு, அம்பாசமுத்திரத்திலிருந்து நெல்லைக்கு என்னைக் கிட்டத்தட்டக் கட்டித் தூக்கிக்கொண்டு போனாள். கட்டவில்லை, தூக்கவில்லை, ஆனால் பார்த்தவர்களுக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

டாக்டர் எப்சிபாவுக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான். நகத்தை விலக்கி ஒரு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, அடுத்த வாரம் கூப்பிட்டு உட்காரவைத்து, மெலனோமா என்றார். தோலுக்கு நிறம் கொடுக்கும் உயிரணுக்களில் வருகிற புற்று. வெள்ளைக்காரர்களுக்குப் பெரும்பாலும் வெயில் பட்ட இடத்தில் வருமாம். நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு வெயிலே படாத இடமாகப் பார்த்து, உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வந்து உட்காருமாம். நாற்பத்தொரு வருஷம் பொட்டல்காட்டில் காய்ந்த என் மண்டையை விட்டுவிட்டுச் செருப்பு நிழலில் சுகமாக இருந்த விரலைப் பிடித்திருக்கிறது. இதை யாரிடம் போய் முறையிடுவது?

"ஆழம் ஒண்ணு புள்ளி ஒண்ணு மில்லிமீட்டர்" என்றார் டாக்டர்.

புள்ளி வைத்து அளவு சொல்கிற ஆளை நான் மதிப்பேன். அதனால் அதற்கு மேல் வாதாடாமல், என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன்.

"இந்த ஆழத்துக்குச் சுத்திலும் ஒரு சென்டிமீட்டராவது நல்ல சதையோட சேத்து எடுக்கணும் சார். ஒரு அணு மிஞ்சுனாலும் மறுபடி கிளம்பும்."

நான் விரலைப் பார்த்தேன். "டாக்டரம்மா, அரை சென்ட் மனையில நாலு பக்கமும் பத்தடி இடம் விட்டுக் கட்டச் சொல்லுதீங்க. வீடு எங்கன வரும்?"

"அதான் சார் சிக்கல். வீடு வராது."

இரண்டு வழி உண்டு என்றார். ஒன்று, நகத்தையும் அதன் அடிச் சதையையும் எலும்பு வரைக்கும் சுரண்டி எடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோல் எடுத்து மூடுவது, விரல் இருக்கும். இன்னொன்று, விரலை முன் மூட்டோடு எடுத்துவிடுவது. பாதி விரல் போகும். இரண்டிலும் தொடையிடுக்கில் இருக்கும் முதல் நிணநீர் முடிச்சை எடுத்து, நோய் அங்கே போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆழம் இன்னும் குறைவாக இருந்தால் யோசிக்காமல் விரலைக் காப்பாற்றலாம், இன்னும் அதிகமாக இருந்தால் யோசிக்காமல் எடுத்துவிடலாம். எனக்கு இரண்டுக்கும் நடுவில், வரப்பின் மேல் வந்து நிற்கிறது.

வீரமாக ஏதாவது சொல்லவேண்டுமே என்று, காலையே முழங்காலோடு எடுத்துவிடுங்கள் என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. அந்தக் காலத்தில் அப்படித்தான் வெட்டிக்கொண்டிருந்தார்கள், மேலே போகப் போக ஆயுசு கூடவில்லை என்று அப்புறம் தெரிந்தது என்றார்.

"சரி. உங்க அப்பாவா இருந்தா எதச் செய்வீங்க?"

"அத நான் சொல்லக் கூடாது சார். பின்னவர் சட்டம்."

இந்தச் சட்டத்தைப் போட்டவர்களை ஒரு நாள் வரிசையாக நிறுத்தி, சித்திரை வெயிலில் நிலம் அளக்கும் சங்கிலி பிடிக்கவைத்தால்தான் என் மனம் ஆறும். அறுவை சிகிச்சைக்கு முன்னால், ஒவ்வொரு வழியிலும் மூன்று வருஷம் கழித்து நோயாளி எப்படி இருப்பாரோ, அந்த ஆளோடு நோயாளி பேசிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடவேண்டும். அந்த ஆளுக்குத்தான் பின்னவர் என்று பெயர். உடம்பைப் படம் பிடித்து, ரத்தத்தைப் படித்து, மூன்று வருஷத்தை ஓட்டிப் பார்த்து எந்திரம் அவரை உண்டாக்குகிறது. நினைப்பும் பேச்சும் எங்கிருந்து வரும் என்றால், முப்பது வருஷமாக நாம் போனில் பேசினோமே, அதிலிருந்து.

டாக்டர் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் நோயாளியை ஒரு பக்கம் சாய்த்துவிடுவாராம். சரி, பின்னவராவது சொல்லலாம் அல்லவா? அதுவும் கூடாது. முதல் வருஷம் ஒரு வாத்தியாருடைய பின்னவர், தீபாவளியைப் பார்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அடுத்த அறையில் இருந்த இன்னொரு பின்னவரைப் பார்க்காமலேயே வாத்தியார் எழுந்து வீட்டுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. வந்திருந்தால் பிழைத்திருப்பார். அதிலிருந்து திருத்தம் கொண்டுவந்தார்கள். பின்னவர் நோயைப் பற்றிப் பேசக் கூடாது, வலி, ஆஸ்பத்திரி, சாவு எதைப் பற்றியும் பேசக் கூடாது. அந்தச் சொற்கள் அவர் வாயில் வராதபடி கட்டிவைத்திருக்கிறார்கள்.

"அப்ப வேற என்னத்த பேசுவான்?"

"உங்க அன்றாட வாழ்க்கையப் பத்திப் பேசலாம் சார்."

"மூணு வருஷத்துக்குள்ள செத்திருந்தா?"

டாக்டர் கோப்பை மூடினார். "கடைசியா எப்படி இருந்தாரோ அப்படி வருவார். மார்புக்கு மேலதான் தெரியும். மெலிவு காட்டாம சரிபண்ணிருவாங்க."

மாலை நான்கு மணி வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் இரண்டு அறைக்கும் போகலாம், மனைவி கூட இருக்கலாம், நான்கு மணிக்குக் கையெழுத்து என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் அறையில் இருந்தவர் விரல் இருக்கிற தளவாய். தளவாய் என்பது என் பெயர். அவருக்கும் அதுதானே. நாற்காலிக்கு மேல் மார்பு வரைக்கும் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார். பார்த்ததும் எனக்கு வந்த குழப்பம், இந்த ஆளை நீ என்பதா, நீர் என்பதா, நீங்கள் என்பதா? என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஆனால் நான்தான். மரியாதைக்கு, நல்லா இருக்கீங்களா என்றேன்.

"வாரும்வே" என்றார் அவர். "இப்பந்தான் பொதிகை மலையிலருந்து எறங்கி வாரேன். காலையில ஏறி மத்தியானச் சோத்துக்கு வந்துட்டேன். வழியில ஒரு யானை மறிச்சு நின்னுச்சு. இது யாரு பேர்ல பட்டான்னு கேட்டேன். ஒதுங்கிட்டு."

ஆவுடை தலையில் கைவைத்தாள். "ஒருத்தரச் சமாளிக்கதே பெரும்பாடு" என்றாள்.

இரண்டாவது அறையில் இருந்தவர் பாதி விரல் போன தளவாய். அவர் முதல் ஆளைவிட மோசம். விரல் குறைந்ததில் உடம்பில் காற்றுத்தடை குறைந்துவிட்டதாம், பாபநாசம் பஸ்ஸை ஓடி முந்துகிறாராம், இந்த ரகசியத்தைக் கேட்டு கேரளாவிலிருந்து ஆள் வருகிறார்களாம். விரல் போனதில் சங்கடமே இல்லையா என்றதற்கு, மீதி ஒன்பதரையையும் எடுத்துவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார்.

டாக்டரிடம் போய், இரண்டு பேரும் வாயைத் திறந்தால் புளுகுகிறார்கள், வேறு நல்ல ஆளாகப் போடுங்கள் என்றேன். நீங்கள் பேசியதிலிருந்து எடுத்ததுதானே சார் என்று மெதுவாகச் சொன்னார். அந்த எந்திரத்துக்கு முப்பது வருஷம் நான் ஊட்டியது இதுதான் என்றால் நான் யாரை நோவது?

மறுபடி போனேன். நான்கு தடவை போனேன். கெஞ்சினேன், திட்டினேன். முதல் ஆளின் யானை இரண்டாகி, நான்காகி, கடைசியில் ஒரு கூட்டமாகிவிட்டது. இரண்டாவது ஆள் ரயிலுக்கு வந்துவிட்டார். சுவரில் மணி மூன்றரை.

ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். எனக்கு முதல் அறைமீதுதான் ஆசை. நடக்காமல் என்னால் இருக்க முடியாது. நடந்தால் முழு விரலோடு நடக்கவேண்டும். அந்த ஆள் யானையை ஒதுக்கிய விதமும் எனக்குப் பிடித்திருந்தது. ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். அதை ஆவுடையிடம் சொன்னபோது அவள் எதிர்த்துப் பேசவில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, என் செருப்பைப் பார்த்துக்கொண்டே ஒன்று கேட்டாள்.

"நீங்க நெசம் பேசுத விஷயம் ஒண்ணே ஒண்ணு உண்டுல்லா. அத ஏன் கேக்க மாட்டேங்கீய?"

"எது?"

"அளவு."

அவள் தம்பி அதற்குச் சாட்சி. அவன் தோட்டத்தை நான் அளந்தேன், மூன்றரை அடி பக்கத்துத் தோட்டக்காரனுக்குச் சேரவேண்டும் என்று வந்தது, எழுதிக் கொடுத்துவிட்டேன். பதினொரு வருஷமாக என் வீட்டில் அவன் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. யானையும் டன்னும் என் இஷ்டம், எத்தனை வேண்டுமானாலும் விடுவேன். அடியும் அங்குலமும் என் இஷ்டம் இல்லை.

என்ன கேட்பது என்று யோசிக்கவேண்டியிருக்கவில்லை. ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து, என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தொந்தரவு கொடுப்பதற்காகத் தினமும் தாலுகா ஆபீசுக்கு நடந்து போகிறேன். எட்டு வைப்பதை எண்ணிக்கொண்டு நடப்பது கால் செய்கிற பழக்கம், என்னைக் கேட்காது. என் ஒரு எட்டு எழுபத்தைந்து சென்டிமீட்டர். வீட்டு வாசல் கேட்டிலிருந்து ஆபீஸ் படி வரை ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு.

இரண்டாவது அறைக்கு முதலில் போனேன். ரயில் கதையை நிறுத்தச் சொல்லிவிட்டு, கேட்டிலிருந்து படி வரைக்கும் எத்தனை எட்டு என்று கேட்டேன்.

அவர் முகம் மாறியது. புளுகு முழுவதும் வடிந்துபோய், ஆபீசில் நிலத்தின் புலப்படத்தை விரிக்கும்போது எனக்கு வருமே, அந்த முகம் வந்தது.

"ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு. பெருவிரல் பாதி இல்லாம உந்த முடியல. எட்டுக்கு ஒண்ணு புள்ளி எட்டு சென்டிமீட்டர் கொறையுது. மழ பெஞ்சா வாய்க்காலச் சுத்தணும், அப்பம் ரெண்டாயிரத்துப் பதிமூணு" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "நேத்து மழ" என்றார்.

நான் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். சரியாக வந்தது. பஸ்ஸையும் முந்தவில்லை, ரயிலையும் முந்தவில்லை. கொஞ்சம் கோணலாக, தினமும், மழையிலும் நடந்துகொண்டிருக்கிறார்.

முதல் அறைக்கு வந்தேன். யானைக்கூட்டம் தாமிரபரணியைக் கடந்துகொண்டிருந்தது. அதே கேள்வியைக் கேட்டேன்.

அவர் என்னையே பார்த்தார், பிறகு ஆவுடையைப் பார்த்தார்.

"அது ஒரு ரெண்டாயிரம் இருக்கும்வே" என்றார்.

இருக்கும். யாரும் சொல்லக்கூடிய வார்த்தைதான். கிணற்றின் ஆழத்தையோ பெண்ணின் வயதையோ கூட்டத்தின் தலைக்கணக்கையோ சொல்லும்போது ஊரே இருக்கும், இருக்கும் என்றுதான் சொல்கிறது. ஆனால் அளவுக்குப் பின்னால் அந்தச் சொல்லை நான் வைத்ததில்லை. புதிதாக வந்த சர்வேயர் ஒருத்தர் முப்பது மீட்டர் இருக்கும் சார் என்றதற்காக உச்சிவெயிலில் மூன்று தடவை அளக்கவைத்தேன். இருக்கும் என்று சொல்கிறவன் அளக்காதவன். அந்த வழியில் இந்த ஆள் நடந்து பல மாதம் ஆகியிருக்கவேண்டும். என்னை அந்த வழியில் நடக்கவிடாமல் செய்வது என்னவாக இருக்கும்? மழை செய்யாது, மனைவி செய்யமுடியாது.

ஆவுடையின் கை என் சட்டைக் கையைப் பிடித்தது. அவளுக்கும் புரிந்துவிட்டது. நாங்கள் வெளியே வந்தோம்.

நான்கு மணிக்கு இரண்டாவது வழிக்குக் கையெழுத்துப் போட்டேன். அதோடு விடுவார்களா? தேர்ந்தெடுக்காத பின்னவரை நோயாளியே நேரில் போய், அவர் எதிரில் தகட்டில் விரலை வைத்து விடுவிக்கவேண்டுமாம். விடுவித்தல் என்று நல்ல பெயராக வைத்திருக்கிறார்கள். அழிப்பதற்கு நாகரிகமான பெயர் கண்டுபிடிக்க ஒரு கமிட்டி உட்கார்ந்து வடை தின்றிருக்கும்.

போனேன். ஆவுடையும் வந்தாள்.

"எது வே?" என்றார் அவர்.

"ரெண்டாவது."

அவர் மூச்சு விட்டார். கல்தூணை இறக்கிவைத்தவன் விடுகிற மூச்சு. பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். யாரையாவது நன்றாக ஏய்த்துவிட்டால் எனக்கு வருவது.

எனக்குப் பொறுக்கவில்லை. "உமக்கு நெசமாவே எண்ணிக்கை தெரியாதா?" என்று கேட்டேன்.

"கடைசியா நடந்த அன்னைக்கு ஆயிரத்து எண்ணூத்தி எழுவத்திரெண்டு" என்றார். "எதெதச் சொல்லக் கூடாதுன்னு சட்டத்துல வரிசையாப் போட்டுருக்கான். தப்பா அளக்கக் கூடாதுன்னு எந்தப் பிரிவுலயும் போடல. அஞ்சு தடவ வந்துட்டுப் போனீரு. யானையையும் மலையையும் கேட்டுட்டுக் கெடந்தீரு. இந்த மனுசன் எப்பம்தான் அளவக் கேப்பான்னு நானும் ஒவ்வொரு யானையா விட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

நாற்பத்தொரு வருஷமும் அதற்குப் பிறகும் சேர்த்து, தூரத்தில் நாங்கள் இரண்டு பேரும் சொன்ன பொய்யளவு அது ஒன்றுதான். அதைச் சொன்னவர் அவர்.

ஆவுடை அவர் பக்கத்தில் போய், வெறும் வெளிச்சம் என்று தெரிந்தும், முந்தானையால் நாற்காலிக் கையைத் துடைத்தாள். "சாப்பிட்டீயளா?" என்று கேட்டாள். மூன்று வருஷத்துக்கு அப்புறம் இருக்கும் மனுஷனிடம், இருக்கப்போகாத மனுஷனிடம், கேட்பதற்கு அவளுக்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லை.

"ஆச்சு" என்றார் அவர். அது நிஜமா புளுகா என்று எனக்குத் தெரியவில்லை. "விரல வையும்வே. மணியாவுது."

வைத்தேன்.

டாக்டர் எப்சிபா படிவத்தோடு காத்திருந்தார். பின்னவர் நோயைப் பற்றி நேராகவோ சாடையாகவோ ஏதாவது சொன்னாரா என்று கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும். அது அவர் வேலை. ஆம் என்று எழுதினால், கமிட்டி கூடி அந்த ஓட்டையை மாநிலம் முழுவதும் அடைத்துவிடும். அளவையே கேட்கக் கூடாது என்று ஒரு திருத்தம் வரும்.

"யானையைப் பத்தித்தான் சொன்னாரு" என்றேன்.

"முடிவு எப்படி எடுத்தீங்கன்னும் எழுதணும் சார்."

"நடந்து பாத்தேன்னு எழுதிக்கோங்க."

அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, யானை என்று எழுதிக்கொண்டார். நாளைக் காலை ஏழரைக்கு அறுவை சிகிச்சை, முடிச்சையும் அப்போதே எடுத்துப் பார்ப்போம், அதற்கு அப்புறம்தான் உறுதியாகச் சொல்லமுடியும் என்றார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த கதைகளிலேயே பெரிய கதை இது. மிகைப்படுத்தவே தேவையில்லாத ஒரே கதை. இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று டாக்டர் எதிரில் உட்கார்ந்தபடியே மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டேன். அந்த வேதனையை என்னைத் தெரிந்தவர்கள்தான் புரிந்துகொள்ளமுடியும். விரல் போவது அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஆவுடையிடமும் கண்டிப்பாகச் சொல்லிவைக்கவேண்டும் என்று வெளியே வந்தேன். டாக்டரும் பின்னால் வந்தார்.

வராந்தா பெஞ்சில், வீரவநல்லூரில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் கறுப்பு வந்து கட்டுப் போட்டிருந்தது. கட்டைவிரலோடு சேர்த்து எடுப்பதா, தோலை மட்டும் எடுத்து ஒட்டுப்போடுவதா என்று அவருக்கு இரண்டு அறைகள். அடுத்து உள்ளே போகவேண்டியவர். பயத்தில் அழுதுகொண்டிருந்த அவர் பக்கத்தில் ஆவுடை நெருங்கி உட்கார்ந்திருந்தாள். நான் கண்ணைக் காட்டினேன், தொண்டையைச் செருமினேன். நான் என்ற ஒருவன் அங்கே நிற்பதாகவே அவள் காட்டிக்கொள்ளவில்லை.

"ஒரு படி அரிசி போட்டா எத்தன இட்லி எடுப்ப?" என்று கேட்டாள்.

அழுகைக்கு நடுவில் அந்த அம்மா யோசிக்காமல் சொன்னார். "அறுவத்தி ஏழு, அக்கா."

டாக்டர் எப்சிபா எதையோ மறந்துவிட்டவர் போலத் திரும்பி, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"உள்ள போயி, சொகமா இருக்கியான்னு கேக்காத. அதக் கேளு" என்றாள் ஆவுடை. "ஒரு அறுவது எழுவது இருக்கும்னு சொன்னா, பேச்ச வளக்காம எந்திரிச்சு மத்த அறைக்குப் போயிரு."